சோள ரகங்கள்: பெயரைக் கேட்காதீர்கள், நடு நரம்பைப் பாருங்கள்

காங்கயம் பக்கம் மானாவாரி நிலம். மாட்டுக்குத் தட்டு (தீவனமாகும் சோளத் தண்டும் இலையும்), வீட்டுக்குக் கொஞ்சம் தானியம், இரண்டுமே சோளத்திலிருந்துதான் வர வேண்டும். தலைவிரிச்சான், செஞ்சோளம், விருதுநகர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் கொடுத்த இருங்கு, அப்புறம் ஆராய்ச்சி நிலைய ரகங்களில் கே 12, கோ எஃப்.எஸ். 29 என்று வருடக்கணக்கில் மாற்றி மாற்றி விதைத்திருக்கிறேன். விதைப்பையில் என்ன பெயர் இருந்தாலும் சரி, செடியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் இலையின் நடு நரம்பு. அது பால் வெள்ளையாக இருந்தால் தண்டுக்குள் நெட்டிதான், அதாவது சாறில்லாத பஞ்சுபோன்ற சக்கை. மங்கலான பச்சையாக இருந்தால் சாறு உண்டு. தண்டை முறுக்கினால் கை நனையும். சாறுள்ள தட்டை நறுக்காமல் போட்டாலும் மாடு அடிவரை தின்னும். நெட்டித் தட்டில் சோகையை, அதாவது இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டு, தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். சாறு இருந்தால் இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். அது வேறு குணம், கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நரம்புக் கணக்கைக் கோவை சிறுதானிய நிலையத்தில் விஞ்ஞானி ரங்கசாமி அய்யங்கார் 1930களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். வெள்ளை நரம்பு ஓங்கு குணம், பச்சை ஒடுங்கு குணம். அதாவது இரண்டும் கலந்த செடியில் வெள்ளைதான் வெளியே தெரியும், பச்சை உள்ளே மறைந்திருக்கும். சொந்த விதை எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தில்தான் சூல் பிடிக்கும் என்றாலும், காற்றில் பக்கத்து வயல் மகரந்தமும் கொஞ்சம் கலக்கும். சாறுள்ள ரகத்தில் நெட்டி ரகம் கலந்தால் அடுத்த வருடமே வெள்ளை நரம்போடு செடி நிற்கும். பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடலாம். கலப்பு எதிர்த்திசையில் நடந்தால் அந்த வருடம் ஒன்றும் தெரியாது, அடுத்த தலைமுறையில்தான் பச்சை நரம்பு தலைகாட்டும்.

அடுத்தது இலையில் காயமோ நோய்ப்புள்ளியோ பட்ட இடத்தின் நிறம். சில ரகங்களில் அது கத்தரிப்பூ நிறம், சிலவற்றில் வெளிர் பழுப்பு. வீட்டுச் சாப்பாட்டுக்கென்றால் நான் பழுப்பைத்தான் தேடுவேன். கத்தரிப்பூ நிறச் செடியில் கதிர் முற்றும்போது மழை பிடித்தால் உமியின் சாயம் தானியத்தில் இறங்கி மாவு மங்கிவிடும்.

கதிரைப் பற்றிச் சொல்வதென்றால், எனக்குத் தலைவிரிச்சான்மீது தனிப் பிரியம். கிளை கிளையாக விரிந்து தொங்கும், மழைத்தண்ணீர் நிற்காது, பூஞ்சணம் குறைவு. நெருக்கக் கதிரில் மணி நிறைய, பார்க்கவும் அழகு. ஆனால் ஈரம் உள்ளேயே தங்கும், புழுவும் சொகுசாக ஒளிந்துகொள்ளும். கதிர் முற்றும்போது அடைமழை வருகிற ஊர்க்காரர்கள் நெருக்கக் கதிரை யோசித்து எடுங்கள்.

உயரமான நாட்டு ரகங்கள் பலவற்றுக்குப் பகல் பொழுது சுருங்கினால்தான் கதிர் வரும். சித்திரையில் விதைத்தால் ஆள் உயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், தட்டுக்கு நல்லது, தானியத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் நாற்றின் இலை வெளிறிய பச்சையில் மினுமினுத்தால் சந்தோஷப்படலாம். அப்படிப்பட்டவற்றில் குருத்து ஈ தாக்குதல் பொதுவாகக் குறைவு. பயிர் சத்தில்லாமல் வெளுத்திருக்கிறது என்று யூரியா போடக் கிளம்பிவிடாதீர்கள்.

கோ எஃப்.எஸ். 29 தனி ஜாதி. மெல்லிய தண்டு, ஏகப்பட்ட தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்), பொடி விதை. தண்ணீர் வசதி இருந்தால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும், பசுந்தீவனத்துக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். புதிதாக எடுத்த விதைக்கு உறக்கம் உண்டு, உடனே போட்டால் சரியாக முளைக்காது, இரண்டு மாதமாவது வைத்திருந்து விதையுங்கள். எந்த ரகமானாலும் இளம் பயிரையும், வறட்சியில் வாடிய பயிரையும், மறுதுளிரின் பொடிக் குருத்தையும் மாட்டுக்குக் காட்டக் கூடாது. சயனைடு நஞ்சு இருக்கும். நான் பூ வந்த பிறகுதான் அறுக்கிறேன்.