ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: சோழன் வந்தாச்சு, தமிழ் மெனு வரலை

தொண்ணூறுகளின் கேம்களை இப்போது காசு கொடுத்து வாங்கலாமா என்றால், பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம் என்பேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இன்றும் அழகுதான், ஆனால் 60 நிமிடக் கெடுவுக்குள் இளவரசியை மீட்கிற பொறுமை இந்த வயதில் இல்லை. ரோட் ராஷ் சீக்கிரமே சலித்துவிடுகிறது. தாக்குப்பிடிப்பது 1999இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்த, ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2தான். 2019இல் வந்த அதன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனையும், 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா இணைப்பையும் சேர்த்து வாங்கி ஆடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய சிடியில் நாம் எடுத்து ஆட 13 நாகரிகங்கள், அதில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் கிடையாது. கும்பகோணத்து பிரவுசிங் சென்டர்களில் யானை வேண்டும் என்பதற்காகவே பெர்சியர்களுக்கு அடித்துக்கொள்வோம். அப்புறம் 2013இல் இந்தியர் என்று மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள், 2022இல்தான் அதைப் பிரித்து திராவிடர், வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானி என்றாக்கினார்கள்.

திராவிடர்களை எடுத்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. நைட் என்கிற கனத்த குதிரைவீரன் இவர்களுக்குக் கிடையாது. குதிரையை அரபு நாட்டிலிருந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருந்த தேசத்துக்கு இது பொருத்தமான குறைதான், ஆனால் திறந்த வெளியில் பிராங்குக் குதிரைப்படை வந்து மோதும்போது அந்தப் பொருத்தத்தை ரசிக்க முடிவதில்லை. பதிலுக்கு காலாட்படை, யானை, கப்பல். ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இனாமாக வருகிறது, அதை அப்படியே துறைமுகத்தில் போட்டு மீன்பிடிப் படகு கட்டினால் ஆரம்பம் ஜோராக இருக்கும். சுருள்வாள் வீரனுக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வேகம் ஏறி, அடுத்த வீச்சில் சுற்றி நிற்பவர்களையும் சேர்த்து வெட்டுகிறான். திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலும் உண்டு. தண்ணீர் உள்ள வரைபடமாகப் பார்த்து எடுங்கள், பாலைவனத்தில் எடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ராஜேந்திர சோழனுக்குத் தனிப் போர்க்கதை இருக்கிறது. 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டவன், அணைக்கரை தாண்டினால் வருகிற கங்கைகொண்டசோழபுரத்தைக் கட்டியவன், அவனை மவுஸில் நகர்த்துவது தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்குத் தனி குஷி. வீரர்கள் தமிழில்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் மெனுவில் மொழியைத் தேடிப் போனால் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. சோழனை விற்கத் தெரிந்தவர்களுக்கு நாலு பட்டனைத் தமிழில் போட மனசு வரவில்லை, இதற்கு மட்டுமே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

மற்றபடி பழைய ஆட்டம் அப்படியே இருக்கிறது, தொல்லைகள்தான் போயிருக்கின்றன. முன்பெல்லாம் வயல் தீர்ந்துபோனால் நாம்தான் தேடிப் போய் மறுபடி 60 மரம் கொடுத்துப் போட வேண்டும், இப்போது மாவு ஆலையில் ஒருமுறை சொல்லிவிட்டால் மரம் இருக்கும்வரை தானாக விதைத்துக்கொள்கிறார்கள். (மேட்டூர் திறக்காமலே முப்போகம் விளைகிற ஒரே டெல்டா இதுதான்.) பழைய கணினி எதிரி கடினமான நிலையில் திருட்டுத்தனமாகப் பொன்னும் மரமும் சேர்த்துக்கொள்ளும், புதியது அப்படி ஏமாற்றுவதில்லை, நேர்மையாகவே நம்மை நொறுக்குகிறது. கூட்டமாக அனுப்பிய படை பாலத்தருகே முட்டிக்கொண்டு நிற்கிற பழைய கோளாறு மட்டும் முழுசாகத் தீரவில்லை.

ஒரே சிடியில் வந்த கேம் இப்போது 30 ஜிபி இடம் கேட்கிறது, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், படத்தின் தரத்தைக் குறைத்து, 4கே படங்களை இறக்காமல் விட்டால் போதும். ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையில் அடிக்கடி தள்ளுபடி வரும், முழு விலை கொடுக்காதீர்கள். முதலில் மூல ஆட்டத்தை மட்டும் வாங்குங்கள், பழைய கை திரும்பி வந்ததும் இந்தியா இணைப்பை எடுத்துக்கொள்ளலாம். நேராக ராஜேந்திரனில் தொடங்கினால் முதல் அரை மணியிலேயே நாடு போய்விடும்.