விதைக் கலவைப் பை: பறவைக்குள் போவது எது, உமியோடு விழுவது எது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதை நல்ல விதை. கலந்த விகிதம் சரியில்லை. பையின் மேல் அச்சடித்திருக்கும் வைட்டமின் பேச்சை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

சிறிய கிளி இனங்களுக்கென்று விற்கும் ஒரு கிலோ ஜிப் பை இது. என்னிடம் கூண்டில் பட்ஜிகள் என்னும் சின்னக் கிளிகள் இருக்கின்றன. பெரிய வலைக்கூடத்தில் கொண்டை வைத்த காக்டெயில் கிளிகளும் ஜீப்ரா ஃபிஞ்சு என்னும் சின்னக் குருவிகளும் சேர்ந்து இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதையே வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

பையைப் பிரித்ததும் முதலில் மோந்து பார்ப்பேன். எண்ணெய் விதை பழசானால் சிக்கு வாடை அடித்துவிடும், பூஞ்சை இருந்தால் ஈர மண் வாடை வரும். இதில் இரண்டும் இல்லை. ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினேன். மஞ்சளும் சிவப்புமாகத் தினை, வெள்ளைப் பனிவரகு, இரு முனையும் கூர்த்துப் பளபளக்கும் கேனரி விதை, உமி நீக்கிய ஓட்ஸ், வெள்ளைக் குசும்பா, கோடு போட்ட சூரியகாந்தி. நடுநடுவே பச்சை, சிவப்பு நிறம் ஏற்றிய தினையும் கிடந்தது. தூசி குறைவு. வண்டு இல்லை. அந்துப்பூச்சிப் புழு விட்டுப்போகும் நூலாம்படையும் இல்லை.

கண்ணுக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது, விதைக்கு உயிர் இருக்க வேண்டும். நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்தேன் (உமி நீக்கிய ஓட்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது). எண்பதுக்கு மேல் முளைவிட்டன. பாதிகூட முளைக்காத விதையென்றால் நாள்பட்டது, இல்லையென்றால் சூட்டில் கெட்டது. என் பறவைகளுக்கு அதை வைக்க மாட்டேன். இந்தச் சோதனையில் இந்தப் பைக்கு முழு மதிப்பெண்.

குறை சூரியகாந்தியில் தொடங்குகிறது. உரித்த சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தினையிலும் பனிவரகிலும் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் இருக்கும். கேனரி விதையில் அதைவிடச் சற்று அதிகம், ஆனால் புரதம் நன்றாக இருக்கும். பையின் பின்புறம் இத்தனை சதவீதம் புரதம், இத்தனை சதவீதம் கொழுப்பு என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். எல்லா விதையையும் ஒரு மணி விடாமல் தின்னும் பறவைக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அப்படி ஒரு பறவையை நான் பார்த்ததில்லை. காக்டெயில் ஆண் கிண்ணத்தில் இறங்கியதும் அலகால் தினையை இருபுறமும் தள்ளிவிட்டுச் சூரியகாந்தியைத்தான் தேடுகிறது. கூட்டத்தில் வலுத்தது கொழுப்பைத் தின்னும், அடங்கிப்போவது மிச்சத்தைத் தின்னும். ஒரே பையில் தின்ற இரண்டு பறவைகளில் ஒன்று பருத்தும் ஒன்று வற்றியும் நிற்பது இதனால்தான். பட்ஜியின் எடையே முப்பது, நாற்பது கிராம்தான். பறக்க இடமில்லாத கூண்டில் தினமும் கொழுப்பைத் தின்றால் ஈரலில் கொழுப்பு படியும், மார்பில் கொழுப்புக் கட்டி வரும்.

நான் சல்லடையில் சலித்துச் சூரியகாந்தியைத் தனியாக எடுத்துவிடுகிறேன். அது வீண் போவதில்லை. கையில் வந்து உட்காரப் பழக்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். கிண்ணங்களையும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன், ஒரே பறவை எல்லாவற்றையும் காவல் காக்க முடியாதபடி. காசு கொடுத்து வாங்கிய கலவையை நானே பிரிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து அந்த நிறமேற்றிய தினை. “வைட்டமின் செறிவூட்டப்பட்டது” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது இதை வைத்துத்தான். பட்ஜி எப்படித் தின்கிறது என்று ஒரு நிமிடம் கிட்டே நின்று பாருங்கள். விதையை நாக்கால் உருட்டி, அலகின் விளிம்பில் வைத்து உடைத்து, பருப்பை மட்டும் விழுங்கும். உமி கீழே விழும். மேலே பூசியது உமியோடு போய்விடுகிறது. தட்டில் விழுந்த பச்சை, சிவப்பு உமியைத் தண்ணீரில் போட்டேன், சாயம் கரைந்து வந்தது. புறா, மாடப்புறா வகைகள் விதையை முழுதாக விழுங்குபவை. பூச்சு அவற்றின் வயிற்றுக்குப் போகலாம், கிளிக்கும் ஃபிஞ்சுக்கும் போகாது. சிறுகல் விஷயத்திலும் இதே வித்தியாசம்தான். முழுதாக விழுங்கும் புறாவுக்கு அரைவைக் கல் தேவை, உரித்துத் தின்னும் பட்ஜிக்கு அவசியமில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது “முழுமையான உணவு” என்ற வார்த்தையைப் பார்த்துத்தான். எவ்வளவு நல்ல விதையாக இருந்தாலும் விதை மட்டும் முழுமையான உணவாகாது. வைட்டமின் ஏ அதில் மிகக் குறைவு. பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். இருக்க வேண்டியது நேர் எதிராக. கால்சியம் இல்லாமல் முட்டையிடப் போகும் பெட்டைக்கு முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும், உயிரே போகும். அயோடின் பற்றாக்குறையால் பட்ஜிகளுக்குத் தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துவதும் விதையை மட்டும் தின்று வளரும் பறவைகளில் காணப்படுவதுதான். புதிதாகப் பறவை வளர்ப்பவர் அந்த வார்த்தையை நம்பிக் கீரையும் துருவிய கேரட்டும் வைக்காமல் விட்டால் விலை கொடுப்பது பறவை. கால்சியத்துக்குக் கூண்டில் ஒரு கணவாய் ஓடு தொங்க வேண்டும். கரும்பச்சைக் கீரை தினமும் வேண்டும்.

“கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்” என்ற குறிப்பும் ஆபத்து. தின்று உதிர்த்த உமி மேலேயே படிந்துகிடக்கும், பார்க்கக் கிண்ணம் நிறைந்தது போலவே இருக்கும். அடியில் ஒரு மணி விதை இருக்காது. தினமும் உமியை ஊதிவிட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பட்ஜி ஒன்றுக்கு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி விதை என்று பையிலேயே அச்சிட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

ஃபிஞ்சுக்கு இந்தப் பை வேண்டாம். அந்தச் சின்ன அலகுக்குக் குசும்பாவும் சூரியகாந்தியும் உடையாது. தினை, பனிவரகு, கேனரி மட்டும் உள்ள கலவை தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

முளைகட்டுவதற்கு இந்த விதை அருமை. இரவில் ஊறவைத்து, காலையில் நன்றாக அலசி வடிகட்டியில் பரப்பி, வேர் முனை எட்டிப்பார்த்ததும் கொடுக்கிறேன். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் விடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் காட்டு பட்ஜிகள் மழை பெய்து புல் விதை பிடிக்கும் காலத்தில்தான் குஞ்சு பொரிக்கும். மென்மையான விதையைக் கண்டதும் என் பறவைகளுக்கு வரும் சுறுசுறுப்பைப் பார்த்தால் அந்த மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை முளைவிதையைத்தான் முதலில் எடுக்கிறது.

ஜிப் சரியாக மூடவில்லை. பிரித்த அன்றே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். பிரிப்பதற்கு முன்பே சில நாள் ஃப்ரீசரில் வைத்திருந்தேன், கண்ணுக்குத் தெரியாத அந்துப்பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். காலாவதி தேதி இருக்கிறது, பொதி கட்டிய தேதி இல்லை. எந்த விதை எத்தனை பங்கு என்பதும் எங்கேயும் இல்லை.

பட்ஜியும் காக்டெயிலும் வைத்திருப்பவர்கள், சலித்தெடுக்கும் பொறுமை இருந்தால் வாங்கலாம். ஆனால் பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழக்கமில்லாத விதையைத் தீனி என்றே சில பறவைகளுக்குத் தெரியாது, பட்டினி கிடக்கும். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், கிராம் காட்டும் தராசில் தினமும் காலையில் நிறுத்துப் பாருங்கள். எச்சம் குறைந்தாலோ எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினாலோ பழைய தீனியையே வைத்து, பறவை மருத்துவரிடம் அன்றே காட்டிவிடுங்கள்.