ஆட்டோகிளேவுக்குச் சாட்சி சொல்லும் ஸ்போர் குப்பிகள்: தண்டையார்பேட்டை பல் மருத்துவர் ஒருவரின் மதிப்புரை

பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் முதல் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் வரை எங்கள் கிளினிக்கில் நோயாளியின் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கருவியும் அழுத்தமான நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஒரே ஒரு மேசை ஆட்டோகிளேவின் வழியாகத்தான் வெளியே வருகிறது. கருவியை அடைத்து வைக்கும் உறையான பவுச்சின் மேலுள்ள பட்டை நிறம் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வது தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்தில் நான் அறிந்த சிறு கிளினிக்குகள் பலவற்றில் வழக்கம். அந்தப் பட்டை, வெப்பம் பட்டது என்பதை மட்டுமே சொல்லும்; உள்ளே இருந்த உயிர் செத்ததா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது, உயிருள்ள ஸ்போர்களை (பாக்டீரியா உறங்கும் நிலையில் எடுக்கும் கடினமான வடிவம்) அடைத்து விற்கும் சிறிய பிளாஸ்டிக் குப்பிதான். பாரிமுனையில் உள்ள ஒரு மருத்துவப் பொருள் விற்பனையாளரிடமிருந்து இதை வாங்கித் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம்.

குப்பிக்குள் இருப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவின் ஸ்போர்கள். 1920-இல் அமெரிக்காவில், கெட்டுப்போன டப்பாச் சோளத்திலிருந்து இதை முதலில் விவரித்தார்கள். நெடுங்காலம் பேசில்லஸ் என்ற பேரினத்தில் இருந்த இதை 2001-இல் ஜியோபேசில்லஸுக்கு மாற்றினார்கள். 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் இது செழித்து வளரும். நம் உடலின் 37 டிகிரி இதற்குக் குளிர்; நோய் உண்டாக்கும் கிருமிகளின் வரிசையில் இது இல்லாததால் கிளினிக்கில் வைத்துக்கொள்ள அஞ்ச வேண்டியதில்லை. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 60 டிகிரியில் வளரும் செல் வெப்பத்தை விரும்புகிறது. அதே உயிரியின் ஸ்போர் வெப்பத்தைத் தாங்குகிறது. வளரும் செல்லின் புரதங்கள், உள்ளே நெருக்கமாக அடைந்த எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகளாலும் மின்னூட்டப் பிணைப்புகளாலும் குலையாமல் நிற்கின்றன. ஸ்போரோ வளர்வதையே நிறுத்திவிட்டு, தன் மையத்திலிருந்து பெரும்பகுதி நீரை வெளியேற்றி, அந்த இடத்தைக் கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் சேர்ந்த சேர்மத்தால் நிரப்பி, டிஎன்ஏவைச் சிறு புரதங்களால் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. நீர் குறைந்த இடத்தில் புரதம் எளிதில் குலைவதில்லை. அதனால்தான் கொதிக்கும் நீர் இதை ஒன்றும் செய்வதில்லை.

121 டிகிரி நீராவியில் இந்த ஸ்போர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குப்பியில் 1 லட்சம் ஸ்போர்கள் இருந்தால் 10 நிமிடத்தில் கணக்குப்படி ஒன்று மிஞ்சும். 15 நிமிடம் முடியும்போது, அந்த ஒன்றும் பிழைத்திருக்கும் வாய்ப்பு முந்நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். இவ்வளவு பிடிவாதமான ஸ்போர் சாகும் இடத்தில் காசநோய்க் கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் பிழைக்க வழியில்லை என்பதே சோதனையின் அடிப்படை.

121 டிகிரியிலும் வாழும் உயிர் இருக்கிறதே என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. வடகிழக்குப் பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டு 2003-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ட்ரெயின் 121 என்னும் ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு செல் உயிரி வகை), ஆட்டோகிளேவின் அதே சூட்டில் ஒரு நாளில் இரட்டிப்பானது. இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள கடலடி மலைத்தொடரிலிருந்து கிடைத்த மெத்தனோபைரஸ் காண்ட்லெரி, மிகுந்த அழுத்தத்தில் 122 டிகிரியிலும் வளர்ந்ததாக 2008-இல் பதிவானது. ஆனால் இவை நம் வாய்க்குள் குடியேற வாய்ப்பே இல்லை. ஸ்ட்ரெயின் 121-க்கு 85 டிகிரிக்குக் கீழே வளரவே தெரியாது. ஆகவே ஆட்டோகிளேவை நம்பலாம், அது ஒழுங்காக ஓடினால்.

பயன்படுத்துவது எளிது. பவுச்சுகள் நிறைந்த தட்டின் நடுவில், நீராவி நுழையக் கடினமான இடத்தில், குப்பியை வைத்து ஒரு சுற்று ஓட்ட வேண்டும். ஆறியதும் குப்பியை அழுத்தி உள்ளிருக்கும் கண்ணாடிச் சிமிழை உடைத்தால், ஊதா நிற ஊட்டக் கரைசல் ஸ்போர்களோடு கலக்கும். பின்னர், ஸ்போர் வளரத் தேவையான சூட்டைச் சீராக வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரில் 24 முதல் 48 மணி நேரம். ஊதாவாகவே இருந்தால் ஸ்போர்கள் செத்தன. மஞ்சளானால் அவை முளைத்து அமிலம் சுரக்கின்றன. அதே லாட்டிலிருந்து (தயாரிப்புத் தொகுதி) ஆட்டோகிளேவுக்குள் போகாத இன்னொரு குப்பியையும் கூடவே வைக்க வேண்டும். அது மஞ்சளாகாவிட்டால் சோதனையே செல்லாது. சிக்கனம் என்று இந்த இரண்டாவது குப்பியை விட்டுவிடுபவர்கள் முழுச் செலவையும் வீணாக்குகிறார்கள்.

எங்களுக்கு ஒருமுறை சோதனைக் குப்பி மஞ்சளானது. இயந்திரத்தின் முகப்பு 121 காட்டியது, பட்டையும் கறுத்திருந்தது. பவுச்சுகளை நெருக்கித் திணித்ததில் இடையே காற்று சிக்கிக்கொண்டு நீராவியைத் தடுத்திருக்கிறது. தட்டில் பவுச்சுகளைக் குறைத்து, விளிம்பில் நிற்கும்படி இடைவெளி விட்டு அடுக்கிய பின் ஊதா நிலைத்தது. எங்களிடம் இருந்த வேறு எந்தப் பட்டையும் கருவியும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பொருளுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

குறைகளும் உண்டு. விளக்கத்தாளில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை; ஆட்டோகிளேவைக் கையாளுபவர் பெரும்பாலும் உதவியாளரே என்பதால் இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை. இன்குபேட்டரைத் தனியாக வாங்க வேண்டியிருப்பது முதற்செலவைக் கூட்டுகிறது; 37 டிகிரி இன்குபேட்டர் உதவாது என்பதை விற்பனையாளரும் சொல்வதில்லை. மே மாத வெயிலில் இருசக்கர வாகனத்தின் பெட்டியில் சுற்றி வந்த சரக்கை வாங்கியதும் ஒரு குப்பியை நேரே இன்குபேட்டரில் வைத்து, ஸ்போர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஸ்போரிலுள்ள என்சைம் உண்டாக்கும் ஒளிர்வைக் கொண்டு சில மணி நேரத்திலேயே முடிவு சொல்லும் வகையும் கிடைக்கிறது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், வாரம் ஒருமுறை சோதிக்கும் சிறு கிளினிக்குக்கு அது மிகை.

ஹாட் ஏர் ஓவன் (உலர் சூட்டில் கிருமி நீக்கும் அடுப்பு) வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; உலர் வெப்பத்துக்கு பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் ஸ்போர் உள்ள வேறு சோதனைப் பொருள் இருக்கிறது. 134 டிகிரியில் குறுகிய சுற்று ஓட்டுபவர்கள், அந்தச் சுற்றுக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மஞ்சளான குப்பிகளை அப்படியே குப்பையில் போடக் கூடாது. இன்னொரு சுற்று ஆட்டோகிளேவில் ஓட்டிய பிறகே மருத்துவக் கழிவு எடுக்க வருபவரிடம் கொடுக்க வேண்டும்.