பாவையை விரிக்கும் சொட்டு: அட்ரோபினா, ஹோமட்ரோபினா?

யுவெயிட்டிஸ் என்ற உள்கண் அழற்சி வந்தால், கண்ணின் நிறமுள்ள வளையமான ஐரிஸ் தனக்குப் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அழற்சியில் கசியும் ஃபைப்ரின் என்ற புரதம்தான் பசை. இந்த ஒட்டு, ஐரிஸின் நடுத்துளையான பாவையைச் சுற்றி முழு வட்டமாகிவிட்டால் கண்ணின் உள்நீர் முன்பக்கம் வர வழியே இல்லை. ஐரிஸ் உப்பி, நீர் வடியும் கோணத்தை அடைக்கும், கண் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா வந்து சேரும். அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டு சொட்டு. ஒட்டாமல் காப்பது பாவையை விரிக்கும் சொட்டு. எந்தச் சொட்டு என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

அட்ரோபின் 1% வலுவானது. தசைப்பிடிப்பு வலியை நன்றாகத் தணிக்கும், புதிதாக ஒட்டியதைப் பிரித்தெடுக்கவும் உதவும். ஆனால் வேலை முடிந்தாலும் விலகாது; ஒன்று இரண்டு வாரம்வரைகூட பாவை விரிந்தபடியே இருக்கும், பக்கத்தில் வைத்துப் படிக்க முடியாது, வெளிச்சம் கூசும். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை: அசையாமல் நிற்கும் ஐரிஸ், அந்த விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சல், முகச் சிவப்பு, படபடப்பு வரும் வாய்ப்பும் உண்டு. சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையைச் சற்று அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் அளவு குறையும்.

ஹோமட்ரோபின் 2% ஒன்று முதல் மூன்று நாள் தாங்கும், சைக்ளோபென்டோலேட் 1% ஏறக்குறைய ஒரு நாள். பாவை இடையிடையே அசைகிறது, அதுதான் இவற்றின் பலம். அசையும் ஐரிஸ் எளிதில் ஒட்டாது. ட்ரோபிகமைடு சில மணி நேரத்தில் அடங்கிவிடும், வலியைத் தணிக்கப் போதாது.

என் கணக்கில், மிதமான அழற்சிக்கு ஹோமட்ரோபினே சரி. அழற்சி கடுமையாகி ஃபைப்ரின் திரண்டு, வலி தாங்க முடியாத முதல் சில நாட்களுக்கு அட்ரோபின். அப்புறம் லேசான சொட்டுக்கு மாறிவிடலாம். பழைய ஒட்டு இறுகிவிட்டால் எந்தச் சொட்டுக்கும் அசையாது, அறுவை சிகிச்சையில்தான் பிரிக்க வேண்டும்.

இதெல்லாம் பின்பக்க ஒட்டுக்கு. ஐரிஸ் முன்பக்கத்தில், நீர் வடியும் கோணத்தில் ஒட்டியிருந்தால் சொட்டு பிரித்துத் தராது. கோணம் பிறவியிலேயே குறுகலாக இருந்தாலோ, பாவையை விரிப்பதே அழுத்தத்தை ஏற்றிவிடலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்ரோபின் புட்டியை, சிவந்த கண்ணுக்கு நீங்களாகவே எடுத்து விடாதீர்கள்.