பைலட் அணைகிறது என்றதும் 'வால்வு போயி' என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை

மூணாறு, தேவிகுளம், மறையூர் பக்கம் வீட்டில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிர் இறங்கிவிட்டால் இங்கே கீசர் ரிப்பேர்காரர்களுக்குத் தனி மவுசு. ஹோம்ஸ்டேக்காரர்கள் முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர்களுக்கு யார் வந்தாலும் போதும் என்றாகிவிடும். அப்படி வந்த ஒருவர் எங்களிடம் 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பணத்தைக்கூட விட்டுவிடலாம். கிளம்பும் முன் அவர் செய்த இன்னொரு காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுடையது பழைய வகைக் கீசர். இப்போது வருகிறவற்றில் பேட்டரிப் பொறி இருக்கும், தண்ணீரைத் திறந்தால்தான் பற்றும். இதில் சின்ன பைலட் சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் தெர்மோகப்பிள் என்கிற உலோகக் குச்சி. சுடரின் சூட்டில் அது சில மில்லிவோல்ட் மின்சாரத்தை உண்டாக்கும், அந்த மின்சாரத்தில்தான் கேஸ் வால்வுக்குள் ஒரு காந்தம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுடர் அணைந்தால் காந்தம் விட்டுவிடும், கேஸும் நின்றுவிடும். பைலட் அடிக்கடி அணைகிறது என்பதுதான் எங்கள் புகார்.

வந்தவர் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்த உடனே, "வால்வு போயி சேச்சி, புதுசு வைக்காம நிக்காது" என்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு வரச் சொன்னார். நான் இறங்கி வந்தபோது கையில் கருத்துப்போன ஒரு வால்வு. "பழசு இதான்" என்று காட்டிவிட்டுத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பில் கேட்டேன், வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவில்லை.

அப்புறம் குளியலறை வென்டிலேட்டரைப் பார்த்தார். காற்று அடித்துத்தான் பைலட் அணைகிறது என்று சொல்லி, தெர்மோகோலை வெட்டித் திணித்து டேப் ஒட்டினார். எங்கள் அத்தை வாசலில் நின்றபடியே, "வால்வு போச்சுன்னா காத்த எதுக்குப்பா அடைக்கிற?" என்று கேட்டார். "ரெண்டும் உண்டு அம்மே" என்று பதில் வந்தது.

கொஞ்ச நாள் எரிந்தது. அப்புறம் முன்பைவிட மோசம். ஒருநாள் காலையில் மகள் குளித்துவிட்டு, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். தெர்மோகோலை அப்போதே பிய்த்து எறிந்தோம். கேஸ் எரியக் காற்று வேண்டும். அடைத்த அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. சிலிண்டர் கேஸில் மணத்துக்கென்று ஒன்றைக் கலந்திருப்பதால் கசிந்தால் தெரிந்துவிடும், இது தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் பற்றிய செய்தி குளிர்காலத்தில் வருவது இதனால்தான். கீசர் ரிப்பேர் செய்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கம்பெனி சர்வீஸ் ஆள் வர நாளானது. ஆனால் அவர் மூடியைத் தொடும் முன் கேள்வி கேட்டார், அதிலேயே வித்தியாசம் தெரிந்தது. குமிழை அழுத்தியிருக்கும்வரை எரிந்து, விட்ட உடனே அணைகிறதா? அப்படியென்றால் தெர்மோகப்பிளிலோ அதன் இணைப்பிலோ முதலில் பார்க்க வேண்டுமாம். பெரிய பர்னர் கொஞ்ச நேரம் எரிந்தபிறகு அணைந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது புகை வெளியே போக வழியில்லை. சிலிண்டர் தீரும் சமயத்தில், அதுவும் விடியற்குளிரில் மட்டும் அணைந்தால் கேஸ் அழுத்தம் குறைகிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் ஆவியாவதே கஷ்டம், நம் சிலிண்டரில் அதுவும் கலந்திருக்கிறது.

எங்கள் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. பைலட்டுக்குக் கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டில் கரியும் சிலந்திவலையும். தெர்மோகப்பிள் நுனியிலும் கரி. ஜெட்டைக் கழற்றிக் காற்று ஊதிச் சுத்தம் செய்தார். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்றார். நுனியைத் தேய்த்து, சுடர் சரியாக அதன்மேல் படும்படி வைத்தார். அவ்வளவுதான், நின்று எரிகிறது.

அந்தப் புது வால்வைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இந்த நட்டை யாரும் தொட்டதே இல்லை" என்றார். பித்தளையில் பச்சை பிடித்து, அதன்மேல் வருஷக்கணக்கான தூசி அப்படியே இருந்தது. வந்தவர் காட்டியது அவர் பையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் வால்வு!

கீசரைக் குளியலறையிலிருந்து எடுத்துப் பின்பக்கச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே மாட்டச் சொல்லியிருக்கிறார், அந்த வேலை நடக்கிறது. அதுவரை கதவைத் திறந்துவைத்து வாளியில் பிடித்து, கீசரை அணைத்துவிட்டுத்தான் குளியல். பைலட் அணைந்திருந்தால் உடனே பற்றவைக்காதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள்.

முதலில் வந்தவருக்குப் போன் செய்தால், "அடுத்த ஆழ்ச்ச வராம் சேச்சி", அதாவது அடுத்த வாரம் வருகிறேன் என்கிறார். ஜிபேயில் பணம் அனுப்பிய ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குள் எங்கள் தெருமுனை ஹோம்ஸ்டேயிலும் அவர் வால்வு மாற்றியிருக்கிறாராம். அவர்களிடம் நட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.