செகண்ட் ஹேண்டில் பலேனோவா, ஜாஸா?

2015ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் அறிமுகமான ஹோண்டா ஜாஸும் மாருதி பலேனோவும் இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் ஒன்றுக்கொன்று போட்டியாகவே நிற்கின்றன. 2016 மாடல் பெட்ரோல், மேனுவல் கியர் வண்டிகள் இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில், ஓட்டத்துக்குப் பலேனோ, இடவசதிக்கு ஜாஸ் என்ற முடிவுக்கே வர முடிந்தது.

விவரப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு இது வியப்பாக இருக்கும். 1199 சி.சி. ஜாஸ் எஞ்சினின் திறன் 90 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு); 1197 சி.சி. பலேனோவுக்கோ 84 பி.எஸ்.தான். ஆனால் ஜாஸின் உச்ச முறுக்குவிசையான (டார்க், அதாவது வண்டியை இழுக்கும் பலம்) 110 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 4800 முறை சுழலும்போதுதான் (4800 ஆர்.பி.எம்.) கிடைக்கிறது, பலேனோ 115 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்.பி.எம்.மிலேயே, எஞ்சினை அவ்வளவு விரட்டாமலே, தந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பலேனோவின் எடை 900 கிலோவுக்கும் குறைவு; ஜாஸோ ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைய ஏற்றி, ஏ.சி.யும் போட்டுக்கொண்டு ஏறினால் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்: பலேனோ இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும் வளைவில், ஜாஸை முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. சமவெளி நெடுஞ்சாலையில், எஞ்சினைச் சற்று விரட்டி ஓட்டுபவருக்கு ஜாஸ் குறை வைப்பதில்லை. அறிவிக்கப்பட்ட மைலேஜிலும் பலேனோவே முந்துகிறது: லிட்டருக்கு 21.4 கிலோமீட்டர், ஜாஸுக்கு 18.7.

டிக்கியின் கொள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லை (ஜாஸ் 354 லிட்டர், பலேனோ 339). ஜாஸின் உண்மையான பலம் அதன் பின்னிருக்கை. பெட்ரோல் டேங்க் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், பின்னிருக்கையின் அடிப்பகுதியைத் திரையரங்க நாற்காலிபோல் மேலே மடக்கிவிடலாம். உயரமான செடித்தொட்டியைக்கூடச் சாய்க்காமல் நிற்க வைக்கலாம். இந்த வசதி உயர் வகைகளில் மட்டுமே உண்டு. 2018இல் வந்த புதுப்பிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். எனவே, "டாக்டர் வைத்திருந்த வண்டி, சிங்கிள் ஓனர்" என்ற வழக்கமான பாட்டைக் கேட்டு முடித்ததும், இருக்கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பலேனோவின் எல்லா வகைகளிலும் இரண்டு ஏர்பேக்குகள் உண்டு. ஜாஸின் தொடக்கக்காலக் கீழ்நிலை வகைகளில் அவை இல்லை. ஆனால் 2015 ஆகஸ்ட் முதல் 2016 மே வரை தயாரான பலேனோக்களை ஏர்பேக் மென்பொருள் திருத்தத்துக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. அந்தப் பணி முடிந்ததா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் மையத்தில் கேட்டறியலாம். ஜாஸின் விற்பனை இந்தியாவில் 2023இல் நின்றுவிட்டதால், அதை வாங்க நினைப்பவர் பம்பர், ஹெட்லைட் போன்ற வெளிப்பாகங்கள் தம் ஊரில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.