தொப்பி பிளாக் ஆர்டர் செய்யும் முன் இதைப் படியுங்கள்

ஃபெல்ட் (கம்பளி இழையை அழுத்திச் செய்த துணி) தொப்பி செய்கிறவர்கள் கவனத்துக்கு. அளவு கொடுத்தால் கையால் செதுக்கித் தருகிறோம் என்று இணையத்தில் விற்கும் ஒரு கடையின் மர பிளாக் (ஃபெல்ட்டைப் போர்த்தித் தொப்பிக்கு வடிவம் கொடுக்கும் அச்சு), மூன்று தொப்பிகூடத் தாங்கவில்லை. ஆர்டரில் எழுதிக் கொடுத்தது: உச்சி அகன்று அடி ஒடுங்கும் வடிவம், அடிச்சுற்று 57 செ.மீ., லைம் மரம், ஐந்து துண்டாகப் பிரியும் கட்டை. பணம் முழுவதும் முன்பே கட்டியாயிற்று.

வந்தது பலகைகளை ஒட்டிச் செய்த, பிரிக்க முடியாத ஒற்றைக் கட்டை. பார்க்க என்னவோ அழகுதான், ஷோகேஸில் வைக்கலாம். ஆனால் அடி ஒடுங்கிய பிளாக்கில் ஆவி காட்டிய ஃபெல்ட்டை இழுத்துப் போர்த்துவது சுலபம், காய்ந்து இறுகியபின் கழற்றவே முடியாது. இதற்காகத்தான் நடுவில் ஒரு சாவித்துண்டு, சுற்றி நான்கு துண்டு என்று செய்வார்கள். சாவியை அடிவழியே உருவினால் மற்ற நான்கும் உள்ளே சரிந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். இந்தக் கட்டையில் முதல் தொப்பியைப் பின்பக்கம் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மரமும் லைம் இல்லை, ஓக். (ஐரோப்பாவில் லைம் என்பது லிண்டன் மரம், எலுமிச்சையைத் தேடாதீர்கள்.) லைம், ஆல்டர், பாப்ளர் மாதிரி மென்மையான மரங்களில், ஃபெல்ட்டை இழுத்துப் பிடிக்கக் குத்தும் குண்டூசி சுலபமாக இறங்கும், பிடியும் நிற்கும். ஓக்கில் ஊசி வளைகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கறை. ஓக்கில் டானின் (துவர்ப்புச் சத்து) அதிகம், ஈரத்தில் இரும்பு பட்டால் கருநீலமாகிவிடும். இரண்டாவதாகச் செய்த க்ரீம் நிறத் தொப்பியில், ஊசி குத்திய இடமெல்லாம் மை தொட்டு வைத்த மாதிரி புள்ளி. துவைத்தும் போகவில்லை.

டேப் வைத்தால் அடிச்சுற்று 56 செ.மீ. வெட்டும்போது சரியாக வெட்டி, உப்புத்தாளில் கோட்டை விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் போய்விடும். போதாக்குறைக்கு, கடைசலில் போட்ட சுத்த வட்டம். தலை வட்டமாகவா இருக்கிறது? 57 செ.மீ. தலைக்கு நீளம் சுமார் 19.8, அகலம் 16.4 என்று முட்டை வடிவம் வேண்டும். வட்டத்தில் நீளம், அகலம் இரண்டும் 18.1தான், நெற்றியில் இறுக்கும், காதுக்கு மேல் இடைவெளி விடும்.

மூன்றாவது தொப்பிக்கு ஆவி காட்டியதும் பலகை ஒட்டிய இடம் பிளந்து, அந்தக் கோடு ஃபெல்ட்டில் அப்படியே தழும்பாக விழுந்தது. தண்ணீர் தாங்காத பசை. கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "ஆவி அதிகமா காட்டிட்டீங்க." தொப்பி பிளாக்குக்கு ஆவி காட்டாமல் வேறென்ன காட்டுவது? பணம் திரும்பவில்லை.

இனி ஆர்டர் கொடுப்பவர்கள் பாதிப் பணம் மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். 57 என்பது தலையளவா, கட்டையின் அடியளவா என்று எழுத்தில் வாங்குங்கள். உள்பட்டை (தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றித் தைப்பது) 1 மி.மீ. தடிமன் என்றாலும் சுற்றில் அதே 6 மி.மீ.யை விழுங்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வார்னிஷ் பூசும் முன், அடியில் டேப் சுற்றிய படம் கேளுங்கள். அதே பசையில் ஒட்டிய துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லி ஒரு மணி நேரம் கொதிநீரில் போடுங்கள். வாய் பிளந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஐரோப்பியத் தர வரிசையில் தண்ணீரை நன்றாகத் தாங்கும் டி4 பசை என்றால் நல்லது.

ஏற்கெனவே ஓக் கட்டையில் மாட்டிக்கொண்டவர்கள் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, துருப்பிடிக்காத எஃகு ஊசி மட்டும் குத்துங்கள். கறையிலிருந்து தப்பிக்கலாம்.